ரோம்ஸி: ஊரார் கிரயம் வாங்கிய ஆலயம்

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில், டெஸ்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது ரோம்ஸி. ஊர் சிறியது, ஆலயமோ பிரமாண்டம். காரணம், இது ஊருக்காகக் கட்டியதல்ல, கன்னியர் மடத்துக்காகக் கட்டியது.

மடத்தை 907-இல் மன்னர் மூத்த எட்வர்டு நிறுவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 967-இல் எட்கர் மன்னர் அதை பெனடிக்ட் துறவற சபையின் ஒழுங்கில் கொண்டுவந்தார். இப்போது நிற்கும் கட்டடத்தில் பெரும்பகுதி 12-ஆம் நூற்றாண்டு நார்மன் வேலைப்பாடு, அதாவது 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களின் பாணி. உருண்டு திரண்ட தூண்களும் அரைவட்ட வளைவுகளுமாக உள்ளே நிற்கும்போது மனம் தானாகவே ஒடுங்கி ஜெபத்துக்குள் போய்விடுகிறது.

மடம் இருந்த காலத்தில் ஊராருக்கு வடபுறத்து ஓரப்பகுதி மட்டும்தான். புனித லாரன்ஸ் பெயரில் அங்கேதான் அவர்கள் வழிபாடு. கூட்டம் பெருகியதும் அந்தப் பக்கத்தை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் 1539-இல் எட்டாம் ஹென்றியின் ஆணையில் மடம் மூடப்பட்டது. கன்னியர்கள் போய்விட்டார்கள். பல ஊர்களில் இப்படி மூடிய மடங்களின் கூரை ஈயத்தையும் கல்லையும் பெயர்த்து விற்றார்கள். ரோம்ஸி மக்கள் அதற்கு விடவில்லை. 1544-இல் 100 பவுண்டு கொடுத்து ஆலயம் முழுவதையும் ஊருக்கே வாங்கிவிட்டார்கள்! அந்தக் கிரயப் பத்திரத்தை இன்றும் ஆலயத்தில் பாதுகாக்கிறார்கள். முழு ஆலயமும் கைக்கு வந்த பிறகு, தாங்கள் இழுத்துக் கட்டியிருந்த பகுதி தேவைப்படவில்லை. அதை அவர்களே இடித்தார்கள். ஓரத்தில் நின்று ஜெபித்தவர்களைக் கர்த்தர் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார் என்றே நான் நம்புகிறேன்.

தெற்குச் சிறகில் மவுண்ட்பேட்டனின் கல்லறை இருக்கிறது. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் என்பதால் நம்மவர்கள் நேராக அங்கேதான் போகிறார்கள். பார்க்கட்டும், ஆனால் அதோடு திரும்பிவிடக் கூடாது. அதே தெற்குச் சிறகின் வெளிச்சுவரில் நார்மன்களுக்கும் முன்னே இங்கிலாந்தை ஆண்ட சாக்ஸன் மக்களின் சிற்பம் ஒன்று உண்டு. சிலுவையில் இயேசு தலை கவிழவில்லை. கண் திறந்து, கைகளை நேராக நீட்டி, உயிரோடு நிமிர்ந்து நிற்கிறார். மேலே மேகத்திலிருந்து பிதாவின் கரம் கீழ்நோக்கி நீள்கிறது. மழையிலும் பனியிலும் முகம் தேய்ந்திருக்கிறது, ஆனால் அந்தக் கரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே தேடினால் கிடைக்காது. வெளியே வந்து தெற்குப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும்.