யாருடைய சுருதிக்கு யார் பாடுவது: யாழ்ப்பாண நாட்குறிப்பு

14 செப்டெம்பர் 2025, ஞாயிறு

நாவாந்துறைப் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் இசைக்கூடல் இன்று பின்னேரம் கூடியது. நாட்டுக்கூத்துப் பாடும் கடற்றொழிலாளர் சிலர், புத்தளத்திலிருந்து சோனகத்தெருவுக்கு மீண்டு வந்த முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தோர், பறைமேளக் கலைஞர் இருவர், மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவிகள் என எல்லோரும் வந்திருந்தனர். மிருதங்கம் கற்பிக்கும் நான் ஒழுங்குபடுத்துநராக இருக்கிறேன்.

மாணவிகள் சுருதிப்பெட்டியை நடுவில் வைத்து இயக்கியவுடன், கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பாடுவதை நிறுத்திவிட்டு, "எங்கட தரு இந்தச் சுருதிக்குள்ள நிக்காது, பிள்ளை" என்றார். கூத்துப் பாட்டான தருவைத் திறந்த வெளியில், விடிய விடிய, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக உச்சத்தில் பாடிப் பழகிய குரல் அது. யாரும் கேள்வி எழுப்பாமல் நடுவில் வைக்கப்படும் சுருதியே ஓர் அதிகாரம் என்பதை எத்தனையோ கச்சேரிகளில் அமர்ந்திருந்தும் இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. பாட்டைத் தொடங்குபவரே சுருதியையும் வைப்பார், மற்றவர்கள் அவரைத் தேடிப் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்தோம்.

28 செப்டெம்பர், ஞாயிறு

வாத்தியங்கள் பற்றிய பேச்சிலேயே இன்றைய பொழுது பெரும்பாலும் கழிந்தது, அது வீண்பொழுதல்ல. முஸ்லிம் உறுப்பினருள் ஒருவர், எல்லோரும் காக்கா என்றே அழைக்கும் பெரியவர், றபான் என்ற தோற்கருவி தவிர்ந்த வாத்தியங்களோடு சேர்ந்து பாடத் தமது மனம் இடங்கொடாது என்று மிகவும் பணிவாகச் சொன்னார். அவரோடு வந்த இளைஞர் ஒருவருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. இருவரும் எங்கள் முன்னிலையிலேயே விவாதித்தார்கள். ஒரு சமூகம் என்று நாம் சுட்டுவதற்குள்ளே எத்தனை நிலைப்பாடுகள் இருக்கின்றன என்பதை வெளியிலிருந்து வருபவர்கள் அறிய இதைவிட நல்ல வழி கிடையாது.

ஹார்மோனியத்தை மூடினோம். காக்கா பைத் என்னும் இஸ்லாமியப் பாடல் ஒன்றைத் தொடங்க, மற்றவர்கள் திரும்பிவரும் அடியைச் சேர்ந்து பாடினார்கள். ஒருவர் முன்னே பாட, கூட்டம் பின்னே ஏற்பது கூத்தில் பிற்பாட்டுக்காரர் செய்யும் வேலையேதான். ஆகையால் கடற்றொழிலாளர் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டனர். சொல் தம் மதத்துக்கு உரியதல்ல என்பதால் அவர்களுள் ஒருவர் மட்டும் வாய் திறக்காமல் கைத்தட்டிக் காலம் காட்டினார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பாடாதிருக்கும் உரிமையைக் காக்க முடியாத கூட்டுப்பாடல் வெறும் அணிவகுப்பு என்றே கருதுகிறேன்.

12 ஒக்டோபர், ஞாயிறு

பறைமேளக் கலைஞர் இருவரும் ஒவ்வொரு முறையும் வாசலுக்கு அருகிலேயே அமர்கிறார்கள். உள்ளே வரச் சொன்னால் வருகிறார்கள். அடுத்த முறை மீண்டும் வாசலருகிலேயே இருக்கிறார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராடியபோது அவர்களைத் தடுத்து நின்றவர்கள் தமிழர்கள்தான். இன முரண்பாட்டைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு அந்த வாசலைக் கடந்துபோய்விட முடியாது.

மாணவியொருத்தி, பறை நம் ஆதி இசை, அதை மீட்டெடுக்க வேண்டும் என்று உண்மையான ஆர்வத்தோடு பேசினாள். மூத்த கலைஞர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "எங்கட பிள்ளையள் இதைத் தொடக்கூடாது எண்டுதான் நாங்கள் பாடுபட்டுப் படிப்பிச்சனாங்கள், தங்கச்சி" என்றார். அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை. செத்தவீட்டுக்கு அழைக்கப்பட்டு, படலைக்கு வெளியே நின்று கொட்டி, கூலியையும் தூர நின்றே வாங்கிய ஒருவருக்கு அந்த ஒலியின் பெருமையை நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த ஒலியைக் கைவிடும் உரிமையும் அவருக்கே உரியது. மட்டக்களப்பில் பேராசிரியர் மௌனகுரு உருவாக்கிய இன்னிய அணி என்ற வாத்தியக் குழுவில் பறை முன்வரிசைக்கு வந்ததை நான் பெரிதும் மதிக்கிறேன்; ஆயினும் கருவியை முன்வரிசைக்குக் கொண்டுவருவது ஒன்று, அதை அடித்தவரைச் சபை நடுவில் இருத்துவது இன்னொன்று.

பிறகு அவர் தாமாகவே எழுந்து, சாவுக்குரிய அடிகளை இங்கே அடிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, கோயில் திருவிழாவுக்குரிய ஓர் அடியை எங்களுக்குக் காட்டினார். என் மிருதங்கச் சொற்கட்டுக்குள் அதை எழுத முயலாமல் கையாலேயே பின்பற்றினேன்.

30 ஒக்டோபர், வியாழன்

இன்று பாடவில்லை. முஸ்லிம் உறுப்பினர்கள் அப்படியே கேட்டிருந்தார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணிநேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டார்கள். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் 70,000 பேருக்கும் அதிகம். தமிழில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களைத் தமிழின் பெயரால் வெளியேற்றிய நிகழ்வு அது. அதை இந்த ஊர் இன்னும் தாழ்ந்த குரலிலேயே பேசுகிறது. அன்று சிறுமியாக இருந்த, நாங்கள் ராத்தா (அக்கா) என்று அழைக்கும் ஒருவர், உம்மா காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்ததை விவரித்தார். அதைக் கேட்டிருந்த கடற்றொழிலாளர் ஒருவர், அடுத்த மாதங்களில் அந்த வீடுகளின் கூரைகளும் கதவுகளும் எப்படிப் போயின என்பதைத் தாம் கண்டபடி, கேட்கப்படாமலே, சொல்லத் தொடங்கினார். ராத்தா அவரைப் பார்த்து, "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ, நாங்கள் அப்ப இங்க இல்லைத்தானே" என்றார்.

இந்த உரையாடலைச் சாத்தியமாக்கியது இசையா என்று கேட்டால், ஓரளவுக்கு ஆம் என்பேன்: ஒருவருடைய அடி முடியும்வரை காத்திருந்து தன் அடியைத் தொடங்கும் பழக்கம் பேச்சிலும் வந்திருந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அதன்மேல் ஒரு பாட்டைப் போர்த்தியிருந்தால், இன்று எதுவும் நடந்திருக்காது.

2 நவம்பர், ஞாயிறு

பல்கலைக்கழகத்தில் பயிலும் சிங்கள மாணவர்கள் இருவர் எங்களோடு சேரலாமா என்று மாணவியர் வழியாகக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கண்டிய மேளம் அடிப்பவர். உடனே எல்லோருக்கும் நினைவு வந்தது 2016 ஜூலை 16. அன்று யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீட வரவேற்பு ஊர்வலத்தில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது தொடர்பாகத் தமிழ், சிங்கள மாணவர்களிடையே மோதல் மூண்டது. இசை மனிதரைத் தானாகவே இணைக்கும் என்பவர்கள் அந்த நாளை மறக்கக்கூடாது. இராணுவம் இன்னும் காணிகளை வைத்திருக்கும் நிலத்தில் ஒரு மேளம் வரவேற்பாகவும் கேட்கலாம், உரிமைகோரலாகவும் கேட்கலாம்.

இசைநடத்துநர் டானியல் பாரன்போய்மும் பலஸ்தீன அறிஞர் எட்வேர்ட் செய்த்தும் 1999இல் ஜேர்மனியின் வைமாரில் இஸ்ரேலிய, அரபு இளைஞரைக் கொண்டு தொடங்கிய இசைக்குழுவைப் பற்றிப் பேசினோம். அது சமாதானத்தைக் கொண்டுவரும் என்று பாரன்போய்ம் ஒருபோதும் சொல்லவில்லை. அறியாமைக்கு எதிரான முயற்சி என்றே அதை விளக்கினார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே எல்லோருக்கும் பொதுவான எழுதப்பட்ட இசை முன்னரே இருந்தது. எங்களிடம் அது இல்லை.

மாணவர்கள் வரட்டும், மேளத்தையும் கொண்டுவரட்டும், முதல் இரு கூடல்களில் கேட்பவர்களாக இருக்கட்டும் என்று காக்கா முன்மொழிந்தார். புதிதாக வந்த ஒவ்வொருவரும் அப்படித்தான் இருந்தோம்.

16 நவம்பர், ஞாயிறு

நல்லிணக்க விழாவொன்றில் இருபது நிமிட நிகழ்ச்சி தருமாறு அழைப்பு வந்திருக்கிறது. மூவின உடையில், மும்மொழியில், ஒற்றுமை பற்றிய ஒரு பாடல் வேண்டுமாம். செலவுக்குத் தருவதாகச் சொன்ன தொகை எங்களுக்கு மிகவும் தேவையானதே. றபானுக்குத் தோல் மாற்ற வேண்டும், பறைமேளக் கலைஞருக்குப் போக்குவரத்துச் செலவு இருக்கிறது.

நெடிய விவாதத்துக்குப்பின், ஒரே பாடலாக எதையும் கலக்க மாட்டோம், அவரவர் பாட்டை அவரவர் சுருதியில் தொடங்க மற்றவர்கள் ஏற்போம், 1990 பற்றி ராத்தா மேடையில் பேசுவார், மூத்த பறைமேளக் கலைஞர் நடுவில் அமர்வார் என்று எழுதி அனுப்பினோம். அவர்கள் ஏற்காவிட்டால் போவதில்லை. கடிதத்தைப் படித்துப் பார்த்த மூத்த கலைஞர், நடுவில் அமர்வதா இல்லையா என்பதை அன்றைக்குத் தாமே தீர்மானிப்பதாகச் சொன்னார். அந்த வரியை அவர் விருப்பப்படி மாற்றி எழுதினோம்.