பதிவாகாத பெரியவர்

இன்று காலை வேலூர் கோட்டை அகழியோரம் 10 கிலோமீட்டர் ஓட்டம். நேரக்கணக்கு என் பொறுப்பு. ஓடுகிறவரின் எண் அட்டையில் ஒட்டிய சிப்பை, முடிவுக்கோட்டில் தரையில் விரித்த ஆன்டெனா பாய்கள் வழியாகப் படித்துத்தான் நேரம் பதிவாகும். இன்று சிலருடைய நேரம் பதிவாகவே இல்லை. "தம்பி, ஓடி முடிச்சேன், என் பேரைக் காணோமே" என்று ஒரு பெரியவர் வந்து நின்றதும் மனசு கேட்கவில்லை.

உதிரி சிப் ஒன்றை நெஞ்சளவில் பிடித்து ஒவ்வொரு பாயின் மேலும் நடந்தேன். மூன்றாவது பாயில் மட்டும் பீப் சத்தமே இல்லை. ஆன்டெனா கேபிள் முனை லூசாகிக் கிடந்தது. திருகி இறுக்கியதும் சரி.

அப்புறம் பெரியவரின் எண் அட்டை. கீழ் ஊக்கு இரண்டும் கழன்று, வேர்வையில் ஊறிய பனியனோடு சிப் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது. பாயோடு இணைந்த ரீடர், அதாவது சிப்பைப் படிக்கும் கருவி, அனுப்பும் 865 மெகாஹெர்ட்ஸ் அலையில்தான் உயிர் பெற்றுப் பதில் சொல்லும். ஈரமும் உடம்பும் அந்த அலையை விழுங்கிவிடும். நம்ம ஊர் வெயிலில் ஏழு மணிக்கே சட்டையைப் பிழியலாமே! பாயை ஒட்டி நின்ற இரும்புத் தடுப்பையும் தள்ளி வைத்தோம். உலோகம் அலையைத் திருப்பிவிடும்.

பெரியவரின் நேரத்தை முடிவுக்கோட்டு வீடியோவில் தேடி எடுத்துச் சேர்த்தாயிற்று. அடுத்த முறை சில மீட்டர் தள்ளி இன்னொரு வரிசைப் பாய் கண்டிப்பாகப் போடுவேன். ஓடுகிறவர்களே, அட்டையின் நாலு மூலையிலும் ஊக்கு குத்துங்கள், மடிக்காதீர்கள்.