ஆணி ஓட்டை கணக்கு

போன வாரம் வேளச்சேரி வீட்டை காலி பண்ணியாச்சு. மூணு வருஷத்துல ஒரு மாசம் கூட வாடகை லேட்டானதில்ல. ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி போன் டார்ச் அடிச்சு சுவத்துல ஆணி ஓட்டைய எண்றாங்க, மொத்தம் ஏழு, அதுல அஞ்சு நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது, காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் அம்மா அடிச்சது ரெண்டே ரெண்டு. "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன்பா, எல்லா இடத்துலயும் வழக்கம் தானே". 14,000 போச்சு.

அட்வான்ஸ் 1 லட்சம் குடுத்திருந்தோம். 2017 வாடகைச் சட்டத்துல (2019ல தான் அமலுக்கு வந்துச்சு) மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாதுன்னு இருக்கு, கூடவே வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா தவிரன்னும் இருக்கு. அந்த ஓட்டைல லாரியே போகும், ஆணி ஓட்டை எல்லாம் எம்மாத்திரம்.

கரண்ட் கதை தனி. வீட்டு கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் கவர்மெண்ட் ஃப்ரீயா குடுக்குது, எங்களுக்கு சப் மீட்டர், முதல் யூனிட்ல இருந்தே 8 ரூபா. அந்த 100 யூனிட் எங்க போச்சுன்னு நான் கேட்டதே இல்ல, கேட்டா மறுநாள் மோட்டார் ரிப்பேர் ஆயிடுமோன்னு பயம் (சிரிக்காதீங்க, மாடி வீட்டுக்காரருக்கு ஆச்சு).

விட்டுட்டு வந்த மிக்ஸி ஜார எடுக்க நேத்து போனேன். புதுசா ஒரு ஃபேமிலி குடி வந்தாச்சு, பால் காய்ச்சி எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க. பெயிண்ட் அடிக்கல. எங்க காலண்டர் இருந்த இடம் மட்டும் சதுரமா வெள்ளையா தெரியுது.