செட்டிகுளத்துச் சோளமும் டாக்கோக் கடையும்

15.02.2025, சனி

தங்கச்சிக்கு இன்று பிறந்தநாள். கொத்தும் வேண்டாம், புரியாணியும் வேண்டாம், வவுனியா டவுனில் புதிதாக வந்த மெக்சிக்கோக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு கிழமையாக நின்றாள். சரி என்று செட்டிகுளத்திலிருந்து பஸ் ஏறினோம். முன்பு தையல்கடை இருந்த இடம், ஆறு மேசை, வாசலில் ஒரு கள்ளிச்செடி. நடத்துகிற தம்பி கட்டாரில் மெக்சிக்கோ உணவகம் ஒன்றின் குசினியில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு வந்தவர்.

சல்சா அருமை. தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி இலை, தேசிக்காய்ப் புளி, அவ்வளவுதான், தேங்காய்ப்பூ போடாத சம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனைக்கொய்யாவை மசித்து அதே சாமான்களோடு பிசைந்தால் அது குவாக்கமோலே. கறுப்பு அவரைக்குப் பதிலாகக் கௌபி போட்டிருந்தார், அதுவும் நன்றாகவே சேர்ந்தது. ஆனால் டாக்கோவின் ஓடு, அதாவது கோழி, மரக்கறி எல்லாம் வைத்து மடிக்கிற சோள ரொட்டி, எனக்குப் பிடிக்கவில்லை. கடித்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கி, உள்ளே இருந்த கோழி முழுக்கத் தங்கச்சியின் மடியில். பழைய எண்ணெய் மணம் வேறு.

போகும்போது கேட்டேன். "அது பெட்டியில வாறது அக்கா. அங்க ஊர்வழிய இப்பிடிச் சாப்பிடமாட்டினம், சோளத்தை அரைச்சு மெத்தெண்டு சுடுவினம். இங்க எனக்கு அந்த மா கிடைக்கேல்லை" என்றார்.

மா கிடைக்கவில்லையாம். எங்கள் வீட்டு விறாந்தையில் இப்போதுதான் முறித்துக் காயவைத்த சோளம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது!

17.02.2025, திங்கள்

இரண்டு இரவாக இதைப் பற்றியே வாசிக்கிறேன். காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்தால் ரொட்டிக்கு ஒட்டாது, வெடித்து உதிரும். மெக்சிக்கோவில் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழற்றி அரைக்கிறார்கள். ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். சுண்ணாம்பு தோலை இளக்கி மாவுக்குப் பசைத்தன்மை கொடுக்கிறது, சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கிற நயசின் என்ற விற்றமினையும் உடம்பு எடுக்கக்கூடியதாக ஆக்குகிறது. ஐரோப்பாக்காரர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்தச் சுண்ணாம்பு வேலையைக் கொண்டுபோகவில்லை. அதனால் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்குப் பெலக்ரா வந்தது, தோல் வெடிக்கும், வயிறு கழியும், புத்தி தடுமாறும். இத்தாலியின் வடக்கிலும், பிறகு அமெரிக்காவின் தெற்கிலும் எத்தனையோ பேர் அதில் செத்தார்கள். வாசித்துவிட்டுக் கனநேரம் நித்திரை வரவில்லை. வெற்றிலைக்குப் பூசுகிற அதே சுண்ணாம்பு!

சோளம் ஏறக்குறைய 9000 வருஷங்களுக்கு முன்பு மெக்சிக்கோவின் தெற்கில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் பழக்கி எடுத்த பயிர். மிளகாயும் அந்தப் பக்கத்துப் பயிர்தான், போர்த்துக்கீசர் கொண்டுவரும்வரை எங்கள் கறிக்கு உறைப்பு மிளகுதான். கடையில் சல்சா வாயில் பட்டதும் பழகிய சுவையாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "கோழித்தீனுக்குக் குடுக்கிறதை நீ தின்னப்போறியோ" என்றார். பச்சைப் பொத்தியை அவித்து விரும்பிச் சாப்பிடுகிற மனுஷன்தான், காய்ந்துவிட்டால் அது அவருக்குச் சாப்பாடில்லை.

23.02.2025, ஞாயிறு

நேற்றிரவு ஒரு கிலோ சோளம், மூன்று லீற்றர் தண்ணீர், நீற்றின சுண்ணாம்பு இரண்டு தேக்கரண்டி. (பூச்சிக்கு மருந்து போட்ட மூட்டையிலிருந்து எடுக்கக்கூடாது, அப்பாவிடம் இரண்டுதரம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.) அலுமினியப் பானையைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பதால் சில்வர்ப் பானை. முக்கால் மணித்தியாலம் அவித்து மூடிவைத்தேன். காலையில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது, விரலால் தேய்க்கத் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

கிரைண்டரில் தண்ணீர் கூடிவிட்டது, முதல் தட்டிய நாலைந்து ரொட்டியும் கையோடு ஒட்டிக் கிழிந்தன. அப்புறம் அம்மா மிச்சத்தை ஆட்டுக்கல்லில் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரைத்துத் தந்தார். உருண்டையை இரண்டு பொலித்தீன் தாளுக்கு நடுவில் வைத்துப் பலகையால் அமத்தி, சூடான கல்லில் போட்டு, இரண்டாம் முறை புரட்டியபோது அது பந்து மாதிரி ஊதி எழும்பியது. நான் கத்தியதில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்துவிட்டார். அவித்த சோளத்தின் வாசம், அதற்கடியில் அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்து வாசம். வெறும் உப்புத் தடவி மூன்று சாப்பிட்டேன்.

08.03.2025, சனி

அரைத்த மாவை வாழையிலையில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். தம்பி திறந்து மணந்து பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. கட்டாரில் அவருக்கு வேலை பழக்கியவர் மெக்சிக்கோவின் புவெப்லாக்காரராம், ஒவ்வொரு இரவும் இதைத்தான் ஊறப்போடுவாராம்.

உடனே சுட்டார். அன்று முல்லைத்தீவிலிருந்து பாரை வந்திருந்தது. மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாப் பக்கத்து மீன் டாக்கோ மாதிரி மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, மெல்லிசாக அரிந்த கோவா, மேலே சல்சா, தேசிக்காய்ப் பாதி. ரொட்டி மெத்தென்று மடிந்தது, கிழியவில்லை, மீனின் உப்போடு சோளத்தின் இனிப்பு தனியாகத் தெரிந்தது. இதுவரை நான் கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டதில் இதுதான் ஆகத் திறம் என்று அவரிடமே சொன்னேன். காசு வாங்கமாட்டேன் என்றார், மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

16.03.2025, ஞாயிறு

அப்பாவையும் கூட்டிப்போனோம். கடைச் சாப்பாடென்றால் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்குவதோடு முடிந்துவிடுகிற மனுஷன். ஓரமாக உட்கார்ந்து பிளேன்டீ மட்டும் போதும் என்றார். தங்கச்சி ஒன்றை மடித்துக் கையில் கொடுத்தாள். அதைச் சாப்பிட்டு, பிறகு மூன்று சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே குசினி வாசலில் போய் நின்றார்.

"கிழமைக்கு எவ்வளவு வேணும் தம்பி?"

"பத்துக் கிலோ காணும் ஐயா. தீனிக் கம்பனி குடுக்கிறதைவிடக் கூடத் தருவன்."

"மருந்து போடாததாத் தனிய எடுத்து வைக்கிறன். காசைப் பிறகு பாப்பம்."

இரவு வந்ததும் விறாந்தையில் லைட்டைப் போட்டு, ஒரு மூட்டையை அவிழ்த்து, வண்டு குத்தினதைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார். அம்மா சுளகோடு போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறார். நானும் போகிறேன்.