அறிக்கையின் இரண்டாம் பக்கம்

பிசான நெற்பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, கன்னடியன் கால்வாய்க் கரை வழியாக இரவில் மொபெட்டில் திரும்பிய என் பெரியப்பா, மடையருகே சரிந்து விழுந்து இறந்துபோனார். மறுநாள் நண்பகலில்தான் உடலைக் கண்டார்கள். பல மாதங்கள் கழித்து வந்த தடய அறிவியல் அறிக்கையில், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 40 மில்லிகிராம் எத்தில் ஆல்கஹால் இருந்ததாக எழுதியிருந்தது. வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான் என்பதால் விபத்துக் காப்பீட்டுத் தொகையை மறுத்துவிட்டார்கள். வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாத மனிதர் அவர்.

"அவிய குடிச்சிருந்தாவன்னு காயிதத்துல எழுதியிருக்காவளாமே, நெசமாய்யா?" என்று பெரியம்மை கேட்டபோது, இருபது ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பிக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கினேன்.

சந்தேக மரணம் என்றால், உடற்கூறாய்வு செய்யும் மருத்துவர் இரைப்பையை அதன் உள்ளடக்கத்தோடும், சிறுகுடலில் ஒரு பகுதியையும், கல்லீரலில் ஒரு துண்டையும், இரண்டு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதியையும் எடுத்து, இனி கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் இட்டு முத்திரை வைக்கிறார். ஃபார்மலினில் இடுவதில்லை, அது பல நச்சுகளோடு வினைபுரிந்து அவற்றைப் பிரித்தெடுப்பதையே கடினமாக்கிவிடும். ரத்தத்துக்கு உப்புநீர் உதவாது. அதைச் சோடியம் ஃபுளூரைடு கலந்த குப்பியில் எடுக்க வேண்டும். இந்த ஒரு சிட்டிகைப் பொருளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வகத்துக்குப் போகும் கல்லீரல் துண்டில் புரதமும் கொழுப்பும்தான் மலையாகக் கிடக்கும். தேடுகிற நச்சு அதில் கடுகளவுகூட இராது. ஆகவே முதல் வேலை பிரிப்பதுதான். 1850-இல் பெல்ஜியத்தில் நிக்கோட்டின் கொடுத்துக் கொல்லப்பட்ட ஒருவரின் உறுப்புகளிலிருந்து அந்த நச்சைப் பிரித்துக் காட்டிய ஸ்டாஸ் என்ற வேதியியலாளர், அமிலம் சேர்த்தால் தாவர நச்சுகள் நீரோடு சேரும், காரம் சேர்த்தால் நீரைவிட்டு ஈதர் என்ற கரைப்பானுக்குப் போய்விடும் என்ற குணத்தைப் பயன்படுத்தினார். அன்றைய சென்னை மாகாணத்தில் அதற்கு ஓராண்டு முன்பே, 1849-இல், அரசின் ரசாயனப் பரிசோதனைக் கூடம் தொடங்கியிருந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமிதமாக இருந்தது. கருவிகள் மாறிவிட்டன என்றாலும், அமிலமும் காரமும் மாற்றிமாற்றிப் பிரிக்கும் அந்த வழி இன்றும் பூச்சிமருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் கைகொடுக்கிறது. பிரித்ததைச் சிலிக்கா பூசிய தகட்டில் புள்ளியாக வைத்துக் கரைப்பானை ஏறவிட்டால், ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் நிற்கும். அது முதற்கட்ட அடையாளம்தான். நிறை நிறமாலைமானியில் மூலக்கூறு உடைந்து தரும் துண்டுகளின் எடையைப் பார்த்த பிறகே பெயரை உறுதியாகச் சொல்லலாம். ஆர்சனிக் போன்ற தனிமங்களுக்கு வேறு கருவிகள் உண்டு.

ஆல்கஹாலைத் தேடுவது இவற்றைவிட எளிது. மூடிய குப்பியில் சில துளி ரத்தத்தைச் சூடாக்கி, மேலே சேரும் ஆவியை வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். மெத்தனால் ஒரு நேரத்திலும், எத்தனால் என்னும் எத்தில் ஆல்கஹால் இன்னொரு நேரத்திலும் வெளிவருவதால் இரண்டும் குழம்புவதில்லை.

அந்தக் கருவியின் எண்ணை நான் ஐயப்படவில்லை. ஆனால் எத்தனால் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறதே தவிர, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை. உயிர் பிரிந்தபின் குடலிலிருக்கும் நுண்ணுயிரிகள் உடலுக்குள் பரவி, ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து எத்தனாலாக மாற்றக்கூடும். குப்பிக்குள் இருக்கும் ரத்தத்திலும் இது நடக்கும். அதைத் தடுக்கத்தான் ஃபுளூரைடு. பெரியப்பாவின் ரத்தக் குப்பியைப் பற்றிய வரியில் "பதப்படுத்தும் பொருள் சேர்க்கப்படவில்லை" என்றிருந்தது. அந்தக் குப்பி ஆய்வகம் போய்ச் சேருவதற்கு முன் குளிர்பெட்டி இல்லாத ஓர் அறையில் மூன்று வாரம் இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வருகிறது.

இப்படிப்பட்ட ஐயத்தைத் தீர்க்க வழிகள் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடித் திரவம் குடலிலிருந்து தொலைவில், தனியே அடைபட்டு இருப்பதால் நுண்ணுயிரிகள் அதை எளிதில் எட்டுவதில்லை. அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்க்கலாம். குடித்தவரின் கல்லீரல் எத்தனாலின் ஒரு சிறு பங்கை எத்தில் குளுக்குரோனைடாக மாற்றுகிறது. மது அருந்தியதற்கு அது நல்ல சான்று. பெரியப்பாவுக்கு இந்த இரண்டுமே செய்யப்படவில்லை.

ஆனால் சிறுநீர் எடுத்திருந்தார்கள். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், உப்புநீரில் வைத்த இரைப்பையிலும் சிறுநீரிலும் ஆல்கஹால் காணப்படவில்லை என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. மது குடித்துச் சில மணி நேரம் ஆகியிருந்தால் சிறுநீரில் இருந்திருக்கும். அப்போதுதான் குடித்திருந்தால் இரைப்பையில் இருந்திருக்கும். இரண்டிலும் இல்லாதது ரத்தக் குப்பியில் மட்டும் இருந்தால், அது குப்பிக்குள்ளேயே உண்டானது என்று கொள்வதே பொருத்தம் என எனக்குத் தெரிந்த தடயவியல் மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். காப்பீட்டை மறுத்தவர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள் போலும். ஆய்வகத்தார் தம் கடமையைச் சரியாகவே செய்திருந்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்தக் கடிதத்தையும் இரண்டாம் பக்கத்தின் நகலையும் இணைத்து மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம். அனுப்புவதற்கு முந்திய மாலை, பெரியம்மை அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இன்னொருக்கா வாசி" என்றார்.