இமையை விலக்கிப் பார்த்த பிறகே ஸ்டெதாஸ்கோப்

காரைக்குடியில் நான் மாலையில் நடத்தும் கிளினிக்கில், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மருத்துவ மாணவர்கள் சிலர் வந்து உடன் அமர்வதுண்டு. சென்ற மாதம் வந்திருந்த மூன்றாம் ஆண்டு மாணவரிடம், ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் தரைக்கல் வார்க்கும் நாற்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவரை முதலில் பரிசோதிக்கச் சொன்னேன்.

"ரெண்டு கல்லத் தூக்கித் தொட்டித் தண்ணியில வைக்கிறதுக்குள்ள மேமூச்சு கீமூச்சு வாங்குது தம்பி" என்றார் அவர். கால்களில் லேசான வீக்கம் இருந்தது. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 99 சதவீதம் காட்டியது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த மாணவர், இதயம் சுருங்கும் வேளையில் ஒரு முணுமுணுப்பு கேட்பதாகவும், இதயத்தின் இடப்புற அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசிவாக இருக்கலாம், எக்கோ (இதயத்தின் ஒலியலை ஸ்கேன்) எடுக்கலாம் என்றும் சொன்னார். கேட்டது சரிதான். ஆனால் மாணவர் அந்தப் பெண்மணியின் உள்ளங்கையைப் பார்த்தபோது ரேகைகளில் ஏறியிருந்த தரைக்கல்லின் சிவப்புச் சாயம் வெளிறலை மறைத்துவிட்டது. கீழ் இமையை அவர் விலக்கிப் பார்க்கவே இல்லை. நான் விலக்கிக் காட்டினேன், உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. மறுநாள் வந்த ஹீமோகுளோபின் அளவு 100 மில்லி இரத்தத்துக்கு 5 கிராம், அதாவது கடுமையான இரத்தசோகை.

பாடநூல்கள் இதய நோய்களை ஒரு பகுதியிலும் இரத்த நோய்களை வேறொரு பகுதியிலும் வைத்திருப்பதால், மாணவர்களின் மனத்திலும் இவ்விரண்டும் தனித்தனி அறைகளில் குடியேறிவிடுகின்றன. ஒரு சின்னக் கணக்கு அந்தச் சுவரை இடித்துவிடும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமாராக 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கிறது. ஹீமோகுளோபின் 15 கிராம் உள்ளவரின் 100 மில்லி இரத்தத்தில் ஏறத்தாழ 20 மில்லி ஆக்ஸிஜன் இருக்கும். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை இறைத்தால் உடலுக்கு 1000 மில்லி போய்ச் சேரும். ஹீமோகுளோபின் 5 கிராமாகிவிட்டால் அதே 5 லிட்டரில் போவது சுமார் 330 மில்லிதான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் உடலுக்கே நிமிடத்துக்கு 250 மில்லி அளவுக்குத் தேவை. எனவே இதயம் வேகமாகவும் கூடுதலாகவும் இறைக்கிறது, இரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன, நீர்த்துப்போன இரத்தம் வால்வுகளைக் கடந்து விரைந்தோடுவதால் முணுமுணுப்பு எழுகிறது. மாதக்கணக்கில் இப்படி உழைக்கும் இதயம் ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகிறது. கால் வீக்கத்தின் பொருள் அதுதான். இதற்கு மாறாக, இதயம் விரியும் வேளையில் முணுமுணுப்பு கேட்டால் அதை எளிதில் சோகையின் தலையில் கட்டிவிடக் கூடாது. அங்கே எக்கோ அவசியம்.

ஆக்ஸிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனால் நிறைந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. உதடு நீலம் பாயவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் வீண், ஏனெனில் நீலம் தெரிய 100 மில்லி இரத்தத்தில் சுமார் 5 கிராம் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இழந்திருக்க வேண்டும், இந்தப் பெண்மணியிடம் மொத்தமாக இருந்ததே அவ்வளவுதான்.

உடனே இரத்தம் ஏற்றலாம் என்றார் மாணவர். நானும் பயிற்சி மருத்துவராக இருந்தபோது அவ்வாறே நினைத்து, இதே நிலையில் வந்த ஒரு நோயாளிக்கு ஒரு பையை முக்கால் மணி நேரத்தில் ஓடவிட்டேன். நள்ளிரவில் அவர் எழுந்து உட்கார்ந்து நுரை கலந்த சளியைத் துப்பிக்கொண்டு மூச்சுக்குத் திணறிய காட்சி இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. நாட்பட்ட சோகையில் குறைந்திருப்பவை சிவப்பணுக்கள்தாம், இரத்தத்தின் கொள்ளளவு குறைவதில்லை. ஏற்கெனவே நிரம்பித் தளர்ந்திருக்கும் இதயத்தின் மீது இன்னொரு பையைக் கொட்டினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே செறிவூட்டிய சிவப்பணுக்களை ஒரு நேரத்துக்கு ஒரு பையாக, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடின் துணையோடு, கழுத்துச் சிரை புடைக்கிறதா என்று பார்த்தபடி மெதுவாக ஏற்ற வேண்டும். அதே சமயம் ஒரு பை 4 மணி நேரத்துக்குள் முடிந்துவிடவும் வேண்டும்.

இரத்தம் எங்கே போயிற்று என்ற கேள்விதான் பாக்கி. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக நகங்கள் கரண்டிபோல் குழிந்திருந்தன. அதே குறைவில் வரும் பச்சரிசியை அள்ளி மெல்லும் பழக்கம் உண்டா என்று கேட்டதும் வெட்கத்தோடு தலையசைத்தார். சிவப்பணுக்கள் சிறுத்திருந்தன, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. எங்கள் வட்டாரத்தில் ஊருணிக் கரையில் வெறுங்காலோடு நடப்பவர்களிடம் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப் புழுவைத் தேடுவது வழக்கம் என்பதால் மலப் பரிசோதனையும் செய்தோம், அதில் ஒன்றுமில்லை. மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்க மாணவர் தயங்கினார்; நான் கேட்டேன். பத்து நாள், மூன்று ஆண்டுகளாக. "அதையெல்லாம் நெஞ்சு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார் அவர்.

ஸ்கேனில் கருப்பையில் நார்த்திசுக் கட்டி தெரிந்தது. மகப்பேறு மருத்துவரிடம் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 10 கிராமைத் தாண்டட்டும் என்று அவர் இரும்புச்சத்து ஊசியைத் தொடங்கியிருக்கிறார்.