இரண்டு பட்டன்

"சரியா மிஸ்?"

சட்டைக்குப் பட்டன் போடப் பழகிக்கொண்டிருந்த என் வகுப்புப் பையன் மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவையும் நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியாது கண்ணா, நீயே பாரு" என்றேன். அவன் குனிந்து சட்டையைப் பார்த்தான். சரியாகப் போட்டிருந்த இரண்டு பட்டனையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

நான் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. கடைசிப் படியை முதலில் பிள்ளையிடம் விடும் முறையில்தான் சொல்லிக்கொடுத்தேன். பட்டனைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுப்பேன். இழுப்பது மட்டும் அவன் வேலை. போகப் போக நுழைப்பதும் அவனுடையதானது. கை வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் என் முகத்தைப் பார்ப்பான். நான் தலையாட்டினால்தான் அடுத்ததற்குக் கை போகும். நான் விடுப்பில் இருந்த இரண்டு நாளும் சட்டையைத் திறந்துபோட்டபடியே உட்கார்ந்திருந்தானாம். "உங்ககிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்டான். நீங்க இல்லாத இடத்துல என்ன செய்வான்?" என்று மூத்த ஆசிரியை கேட்டதில் தப்பே இல்லை.

இத்தனைக்கும் இதையெல்லாம் படித்துவிட்டு வந்தவள் நான். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் தோற்றுத் தோற்றுப் பழகியதால், தங்கள் கையைவிட அடுத்தவர் முகத்தை நம்பத் தொடங்குகிறார்கள் என்று உளவியலாளர் எட்வர்ட் ஜிக்லர் ஆராய்ந்து சொன்னதைப் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். என் மௌனம் அவனுக்குத் 'தப்பு' என்றுதான் விழுந்திருக்கும். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1969இல் எழுதியதும், உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் குழந்தைகளிடம் கண்டதும் நினைவில்தான் இருந்தன. தாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் குழந்தை தூரம் போகிறது. அவன் பார்த்ததும் அதற்குத்தானோ? ஒன்பது வயதுப் பையனைத் தவழும் குழந்தையோடு வைத்துப் பார்ப்பது அவனுக்கு மரியாதை இல்லை என்றும் தோன்றுகிறது.

கையால் செய்த உதவியைப் படிப்படியாகக் குறைத்த நான், முகத்தை ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு பட்டனுக்கு ஒரு தலையாட்டல், அப்புறம் கடைசியில் மட்டும் ஒன்று என்று போயிருக்கலாம். கண்ணாடி முன் நிறுத்தி, சட்டையின் இரண்டு ஓரமும் சேர்ந்திருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லியிருக்கலாம். சரி, அப்படிப் போயிருந்தால் அந்தக் கடைசித் தலையாட்டலை நிறுத்த எனக்கு மனம் வந்திருக்குமா? அந்தப் பார்வை எனக்கும் வேண்டியிருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரத்தில் ஐந்து பட்டனையும் யாரையும் பார்க்காமல் போட்டான். அவன் அம்மா அழுதேவிட்டார். செய்தது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அதன் பிறகு, வரைந்த தாளைக்கூட என்னிடம் காட்ட வருவதில்லை. முடித்ததும் கவிழ்த்து வைத்துவிடுகிறான். நம்பிக்கை வந்துவிட்டதா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டானா? வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பதிவேட்டில் 'உதவியின்றிச் செய்கிறான்' என்று எழுதியிருக்கிறேன்.

நேற்று அவன் வரைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தாளைத் திருப்பிக் காட்டவில்லை. தள்ளி உட்காரவும் இல்லை.